ஜிம்மியின் வால்

“தாயே, அந்த நாயை என்ன செய்யுறதுன்னே தெரியலை.”

வந்ததும் வராததுமாகக் கோமதிநாயகம் இப்படித்தான் ஆரம்பித்தார். வழக்கமான வணக்கம்கூட இல்லை.

தோப்பம்மா கிணற்றடியில் உட்கார்ந்து தென்னோலையில் ஈர்க்கு சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எந்த நாய், ஐயா?”

“பக்கத்து வீட்டு இசக்கியப்பன் நாய். ஜிம்மி.”

“ஜிம்மியா” என்றாள் அம்மா. அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இந்தக் குருவுக்கும் சீடருக்கும் நடுவே வயது தலைகீழாகக் கிடந்தது. அம்மாவுக்கு அவருடைய மூத்த மகளின் வயதுதான் இருக்கும். எங்கிருந்தோ வந்து தென்காசிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் தங்கினாள். தோப்புக்காரர் போகச் சொல்லவில்லை. ஊர் அவளைத் தோப்பம்மா என்று கூப்பிடத் தொடங்கியது. அவ்வளவுதான் அவள் வரலாறு.

கோமதிநாயகம் மருந்துக் கடையை மருமகன் கையில் கொடுத்துவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தவர். கண்ணை மூடி உட்காரக் கற்றுக்கொண்டார். கோபத்தை வென்றார். பற்றை அறுத்தார். வென்றதையும் அறுத்ததையும் கேட்பவர்களுக்கெல்லாம் அவரே சொல்லியும் வந்தார்.

இப்போது ஒரு நாய் அவரைப் பாடாய்ப் படுத்துகிறது.

“எப்பக் குலைக்கு?”

“விளக்கு வைக்கிற நேரம். நான் உக்காருத நேரம். கண்ணை மூடினா போதும், ஆரம்பிச்சிரும். நல்லா இருட்டுற வரைக்கும் விடாது.”

“யாரைப் பாத்து?”

“யாரையும் இல்லை. எங்க வீட்டுப் புறவாசலைப் பாத்து. அங்கன ஈ காக்கா கிடையாது. துவைக்கிற கல்லும் ஒரு முருங்கையும்தான் நிக்கி.”

“எப்ப இருந்து?”

கோமதிநாயகம் யோசிப்பது போலக் கொஞ்சம் நின்றார். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை.

“ஆனியிலே இருந்து.”

“உலகம்மா போனதுல இருந்து.”

“ஆமா” என்றார், கடையில் சாமான் கேட்டவருக்குப் பதில் சொல்வது போல.

உலகம்மாள் அவர் மனைவி. ஆனி மாதம் ஒரு சாயங்காலம், புறவாசல் நடைப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கீரையோடு கீரையாகச் சாய்ந்துவிட்டாள். கோமதிநாயகம் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். மனுசன் ஞானி ஆயிட்டாரு என்றார்கள். அது அவர் காதிலும் விழுந்தது.

உயிர் போன இடத்தில் விளக்கேற்றி ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பது அவர்கள் வழக்கம். காரியம் முடிகிற வரைக்கும் தண்ணீரை மாற்றி மாற்றி வைப்பார்கள். வழி தெரியாமல் நிற்கிற உயிர் வந்து நாக்கை நனைத்துக்கொண்டு போகும் என்பார்கள்.

மகள் வைத்த சொம்பைக் கோமதிநாயகமே எடுத்தார். தண்ணீரை முருங்கையின் அடிமூட்டில் ஊற்றினார்.

“ஆத்மாவுக்கு ஏதும்மா தாகம்?” என்றார் மகளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி.

அன்று தோப்பம்மாவும் வந்திருந்தாள். முருங்கை மூட்டின் ஈரத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். குருவையே வாயடைக்க வைத்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளூர ஒரு பெருமை. அந்தப் பெருமை இன்றைக்கும் அவரிடம் பத்திரமாக இருந்தது.

அம்மா ஈர்க்கைக் கீழே வைத்தாள்.

“அது குலைக்கும்போது வால் எப்படி இருக்கு?”

“வாலா?”

“வால்தான்.”

“நான் கண்ணை மூடில்லா இருப்பேன், தாயே.”

“இன்னிக்குத் தொறந்து வச்சிப் பாத்துட்டு வாங்க.”

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவருக்குக் குமைந்தது. மனத்தை அடக்க ஒரு உபாயம் கேட்கப் போனால் நாய் வாலைப் பார்க்கச் சொல்கிறாளே.

இசக்கியப்பன் தெருவில் தன் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“இசக்கி, இதுக்கு ஒரு முடிவு சொல்லுப்பா.”

“என்ன செய்யச் சொல்லுதிய அண்ணாச்சி. கட்டிப் போட்டாலும் குலைக்கு, அடிச்சாலும் குலைக்கு. போஸ்ட்மேனைப் பாத்தாக்கூட வாயைத் தொறக்காத சவம், அந்த நேரம் வந்தா நிலை கொள்ள மாட்டேங்கு. மதினி மோர்ச்சோத்தைப் போட்டுப் போட்டு...”

சட்டென்று பேச்சை விழுங்கினான்.

“மதினியைச் சொல்லக் கூடாதுன்னு இல்லை. சொல்லு” என்றார் கோமதிநாயகம். பற்றை அறுத்தவர் அல்லவா.

இசக்கியப்பன் துணியைப் பிழிந்தான்.

“நாளை மத்தியானம் புனலூருக்கு வெங்காய லோடு போகுது. மலைக்கு அந்தாலே எங்கனயாவது எறக்கி விட்டுட்டு வாரேன். எம் பொண்டாட்டி பிள்ளைகதான் அழும்.”

“அழுது தேறிரும்” என்றார்.

சாயங்காலம் விளக்கேற்றினார். எப்போதும்போலப் புறவாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். உலகம்மாள் இருந்தவரை படுக்கப் போகும் நேரம் தவிர அந்தக் கதவு சாத்தியதே இல்லை. அடுக்களைப் பாத்திரச் சத்தமும் வாளிச் சத்தமும் அந்த வழியாகத்தான் வந்து அவர் தியானத்தைக் கலைக்கும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

பலகையில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

ஜிம்மி ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்து அடுக்களை ஜன்னலுக்குப் போனார். குரு சொன்னதற்காக, வேண்டா வெறுப்பாக.

வெளியே இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே நெஞ்சளவு மதில். அதன் மேல் உலகம்மாள் சோறு வைக்கும் நெளிந்த அலுமினியத் தட்டு அப்படியே கிடந்தது. ஜிம்மி முன்னங்கால் இரண்டையும் மதில்மேல் போட்டு நின்றது.

வால் ஆடியது. வால் மட்டுமா, இடுப்பே ஆடியது.

நாயின் பார்வை மூடிய கதவின்மேல் இருந்தது. கதவின் அடியில் அல்ல. ஓர் ஆள் நின்றால் முகம் எங்கே இருக்குமோ அங்கே.

திடீரென்று குரைப்பை நிறுத்தியது. தலையை மெல்லத் திருப்பியது. கதவிலிருந்து துவைக்கிற கல்வரை. நடந்து போகிறவரைப் பார்ப்பது போல, அந்த வேகத்தில். கல்லருகே பார்வை கொஞ்ச நேரம் தங்கியது. பிறகு கல்லிலிருந்து மதிலை நோக்கி வந்தது.

கோமதிநாயகத்துக்கு அந்த வழி தெரியும். கல்லில் கை கழுவிவிட்டுத்தான் உலகம்மாள் தட்டருகே போவாள்.

நாய் காதுகளை மடக்கியது. கழுத்தை நீட்டிக் கண்ணைப் பாதி மூடியது. காதுகளுக்கு நடுவே ஒரு கை தடவிக் கொடுத்தால் எப்படி நிற்குமோ அப்படி நின்றது.

காற்று இல்லை. முருங்கையில் ஒரு இலைகூட அசையவில்லை.

பிறகு மறுபடியும் தலை திரும்பியது. மதிலிலிருந்து கல்லுக்கு. கல்லிலிருந்து கதவுக்கு. கதவருகே வந்து பார்வை நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது.

அப்புறம்தான் குரைத்தது. கதவைப் பார்த்து ஒரு குரைப்பு. ஜன்னலைப் பார்த்து, அவரைப் பார்த்து, ஒரு குரைப்பு. மறுபடி கதவு. மறுபடி அவர். திற என்று சொல்ல வாய் இல்லாத ஜீவன் வேறு என்ன செய்யும்?

தாழ்ப்பாள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கோமதிநாயகம் திறக்கவில்லை. பயந்துபோனார். தலை நரைக்கிற வரைக்கும் கூட இருந்தவளிடம், ஒரு நாளும் ஒரு கடுஞ்சொல் சொல்லாதவளிடம், அவருக்குப் பயமாக இருந்தது. பலகைக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அது தியானம் இல்லை என்று அவருக்கே தெரியும்.

காலையில் தோப்புக்கு வந்தவரைப் பார்த்ததும் அம்மா கேட்டாள்.

“வால்?”

“ஆடுது, தாயே.”

ஈர்க்கு சீவும் கத்தி நின்றது.

“அப்ப அது யாரையும் வெரட்டலை.”

“இல்லை.”

“கூப்பிடுது.”

“ஆமா.”

“யாரை?”

“என்னை” என்றார்.

“கதவு?”

“தாழ்ப்பாள் போட்டிருந்தது.”

“உள்ளேயா, வெளியவா?”

“உள்ளே.”

அம்மா மறுபடி ஈர்க்கு சீவத் தொடங்கினாள். கோமதிநாயகத்துக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை.

“மத்தியானம் இசக்கி அதை மலைக்கு அந்தாலே கொண்டு விட்டிருவான், தாயே. இனிமே சத்தம் இருக்காது.”

சொல்லும்போதே தெரிந்தது, அவர் கேட்பது அனுமதி என்று.

“சத்தம் இருக்காது” என்றாள் அம்மா. “வந்து நிக்கது நிக்கும்.”



“நான் என்ன செய்யணும்?”

அம்மா எழுந்து கிணற்றில் வாளியை விட்டாள். இறைத்த தண்ணீரை ஒரு சொம்பில் நிறைய ஊற்றினாள். அவர் கை இரண்டையும் பிடித்து அதில் வைத்தாள்.

“சிந்தாமக் கொண்டு போங்க.”

நடந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் கும்பிட்டார்கள். அவருக்குத் திருப்பிக் கும்பிடக் கை இல்லை. சிந்தக்கூடாது என்பதைத் தவிர அவர் மனத்தில் வேறு நினைப்பு ஓடவில்லை. இத்தனை காலம் உட்கார்ந்து பழகியும் வராத அந்த ஒருமை இப்போது வந்திருந்தது. அதைக் கவனிக்கவும் அவருக்கு நேரம் இல்லை.

தெருவுக்குள் நுழையும்போது லோடு ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஜிம்மியைக் கட்டிப் போட்டிருந்தார்கள். இசக்கியப்பன் வீட்டுக்குள் யாரோ அழுகிற சத்தம் கேட்டது.

நாய் அவரைப் பார்த்தது. குரைக்கவில்லை.

ஒன்றும் சொல்லாமல் நின்றால் போதும். வண்டி போய்விடும். சாயங்காலம் ஊசி விழுந்தால் கேட்கும். கதவுக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று சொல்ல இனி ஆள் இருக்காது. தெரியாததற்கு யாரும் பொறுப்பு இல்லை.

வண்டி நகர்ந்தது. சொம்பில் தண்ணீர் நடுங்கியது.

“இசக்கி, நிப்பாட்டு.”

இசக்கியப்பன் தலையை வெளியே நீட்டினான்.

“அதை எறக்கி விடுப்பா.”

“சாயங்காலம் மறுபடி குலைக்குமே அண்ணாச்சி.”

“குலைக்கணும்” என்றார் கோமதிநாயகம்.

அன்று விளக்கைப் பூஜை அறையில் ஏற்றவில்லை. புறவாசலுக்குக் கொண்டுவந்து கதவுக்கு உள்பக்கம் வைத்தார். சொம்பை எடுத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் நின்றார்.

வெளியே ஜிம்மி ஆரம்பித்தது.

ஒரு கையில் சொம்பு. மற்றொரு கையால் தாழ்ப்பாளை இழுத்தார். தாழ்ப்பாள் முதலில் வரவில்லை. பிறகு வந்தது.

கதவு திறந்தது. வெளியே யாரும் இல்லை. கல் இருந்தது. முருங்கை இருந்தது. மதில்மேல் நாய் இருந்தது.

அவள் கீரை ஆய்ந்த நடைப்படியில் குனிந்து சொம்பை வைத்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. நிமிர்ந்து, வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“உலகு” என்றார்.

ஆனிக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் வருவது அதுதான் முதல் தடவை. சொன்னதும் கட்டு உடைந்துவிட்டது. ஞானி, சீடர், மருந்துக்கடை முதலாளி எல்லாம் போய், பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒரு மனுசன் நிலையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான்.

அழுது ஓய்ந்து தலை நிமிர்ந்தபோதும் நாய் குரைத்துக்கொண்டுதான் இருந்தது.

கோமதிநாயகத்துக்குப் புரியவில்லை. கதவைத் திறந்தாயிற்று. தண்ணீர் வைத்தாயிற்று. பெயர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று, அழுதாயிற்று. இன்னும் என்ன?

வாலைப் பார்த்தார். ஆடியது. கண்ணைப் பார்த்தார்.

நாய் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு நேர் எதிரே, ஒரு முழம் தள்ளி, நடைப்படியில் நிற்கிற ஒருவரின் முகத்தைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்துக் குரைத்தது. மறுபடி அந்த முகம். மறுபடி அவர்.

அப்போதுதான் அவர் தன் கைகளைக் கவனித்தார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் வாசலை அடைத்துக்கொண்டு அவர்.

கைகளை எடுத்தார். சுவரோடு சுவராக ஒதுங்கி வழி விட்டார்.

ஜிம்மி குரைப்பதை நிறுத்தியது.