கம்பளி போட்டுப் பிறந்த வண்டு

முன்னொரு காலத்தில் முள்ளிநாட்டைக் கோடைமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் தலைப்பாகையைக் கழற்றி வீசிவிடுவான்.

அந்த நாட்டில் ஒரு விசித்திர வழக்கம். வெளிநாட்டிலிருந்து எந்தப் பரிசு வந்தாலும் உள்ளூர்ச் சரக்கோடு மோதவிடுவார்கள். தோற்ற பரிசு ஒற்றைச் செருப்போடு திரும்பிப் போகும்.

மந்திரி சாத்தப்பர் பாடுபட்டுப் பனிமலை நாட்டோடு நட்புக்கு வழி செய்திருந்தார். அங்கிருந்து வந்த தூதன் ஒரு கம்பளி அங்கியும், பனிக்கட்டி வைத்த பெட்டிக்குள் தேவதாருக் காட்டுக் கருவண்டு ஒன்றும் கொண்டுவந்தான். வண்டின் உடம்பெல்லாம் ரோமம். மந்திரியைக் கண்டாலே வயிறெரியும் சபைப் புலவர் பேரிசைநாதர் சும்மா இருப்பாரா? நம் முள்காட்டுப் பொன்வண்டோடு மோதவிட்டுப் பார்க்கலாமே என்று ராஜாவைத் தூண்டிவிட்டார்.

உச்சிவெயிலில் முற்றத்துக் கல்லில் இரண்டையும் விட்டார்கள். பொன்வண்டு பளபளவென்று பறந்தது. கருவண்டு கொஞ்சம் நகர்ந்து மல்லாந்துவிட்டது. ராஜா செருப்பைக் கொண்டுவரச் சொன்னான். தூதனுக்கு முகம் வெளுத்தது. செருப்போடு ஊர் திரும்பினால் அவன் தலை கழுத்தில் நிற்காது.

சாத்தப்பர் கருவண்டை எடுத்துப் பெட்டிக்குள் விட்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்றார்.

"வீரனுக்கு வெயிலென்ன, குளிரென்ன?" என்று சிரித்தார் புலவர்.

"அப்படியானால் இந்தக் கம்பளி அங்கியைப் போட்டுக்கொண்டு முற்றத்தை ஒரு சுற்று வாருங்கள், புலவரே" என்றார் சாத்தப்பர்.

வேடிக்கை என்றால் ராஜாவுக்குச் சோறு வேண்டாம். உடனே கட்டளை போட்டான். ராஜா முன்னால் யாரும் செருப்புப் போடக்கூடாதே! வெறுங்காலோடு இறங்கிய புலவர் பாதி முற்றம் குதித்துக் குதித்துப் போய், கருவண்டு கிடந்த இடத்திலேயே மல்லாந்தார். அங்கியைக் கழற்றித் தண்ணீர் தெளித்த பிறகுதான் கண் விழித்தார்.

"மன்னா, புலவருக்கு அங்கியைக் கழற்ற ஆள் இருந்தது. இந்த வண்டு கம்பளி போட்டுக்கொண்டே பிறந்தது. அது எப்படிக் கழற்றும்?" என்றபடி சாத்தப்பர் பெட்டியைத் திறந்தார். கருவண்டு பனிக்கட்டிமேல் ஜோராக நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பொன்வண்டைப் பிடித்து வைத்ததும் அது காலை மடக்கி விறைத்துப்போனது. பாவம், உடனே எடுத்து வெயிலில் விட்டார்கள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்துத் தலைப்பாகையை வீசினான். நட்பு ஓலையில் முத்திரை விழுந்தது. மந்திரி கழுத்தில் ராஜாவின் முத்துமாலை ஏறியது. தூதன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஆனால் வெளியே எடுத்த செருப்பை யாருக்காவது கொடுத்துத்தானே ஆகவேண்டும்? ராஜா புலவரைப் பார்த்தான். உள்ளங்கால் கொப்பளித்திருந்த பேரிசைநாதர் வாங்கி மாட்டிக்கொண்டார். ஒரு காலாவது சுடாமல் வீடு போய்ச் சேர்ந்தார்.