உச்சிக்குழியில் ஒரு கை

ஞானசிகாமணி டாக்டருக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்து நான்கு வருடமாகப் பெரியவர்களின் வயிற்றை ஸ்கேன் பார்த்தவர். பித்தப்பையில் மிளகளவு கல் இருந்தாலும் விடமாட்டார். அழுத்திப் பிடித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும் என்பது அவர் கட்சி. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு அவர் அழுத்துகிற அழுத்தில், சிலர் மூச்சை விடவே மறந்துபோனதுண்டு.

பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு மாற்றியபோது, முப்பத்து மூன்று வயது பெனிட்டா டாக்டரிடம் அவர் வேலை கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பயம்தான் இருந்தது. அங்கிருந்த குழந்தைகள் அவ்வளவு சின்னவை.

அன்று காலை முப்பிடாதியின் குழந்தையைப் பார்த்தார். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண். எடை ஒரு கிலோவும் கொஞ்சமும். உச்சிக்குழியில் எலும்பு மூடியிருக்காது என்பதால், அந்த வழியாக மூளையில் ரத்தம் ஓடுவதை ஸ்கேனில் பார்த்துவிடலாம். ஜெல் தடவி, கருவியின் முனையை உச்சியில் வைத்துப் பிடித்தார்.

திரையில் துடிப்புக்கு ஒரு மேடு எழுந்தது. இரண்டு மேடுகளுக்கு நடுவிலும் ரத்தம் மெல்ல ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே நடுவில் ஒன்றுமே இல்லை. கோடு தரையில் கிடந்தது.

இன்னும் கொஞ்சம் நன்றாகப் பிடித்துப் பார்த்தார். அப்போதும் அப்படித்தான்.

பக்கத்து ஸ்டூலில் இருந்த முப்பிடாதி திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யா, பிள்ளைக்கு மூளைக்கு ரத்தம் ஒழுங்காப் போகுதா?"

அவர் உடனே பெனிட்டாவைக் கூப்பிட்டார்.

அவள் வந்து திரையைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள்.

"நடுவுல ஓட்டமே இல்ல மேடம்" என்றார் தணிந்த குரலில். "ரிப்போர்ட்ல எழுதிரவா? இந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்ல?"

"கையை எடுங்க சார்."

எடுத்தார். குழந்தை வாயைக் கோணிக்கொண்டு மறுபடி தூங்கிப்போனது.

"நான் சரியாப் பிடிக்கலையோ?" என்று கேட்டார். "எவ்வளவு அழுத்தினா சரியாத் தெரியும் மேடம்? ஏதாவது அளவு இருக்கா?"

பெனிட்டா முப்பிடாதியிடம் திரும்பினாள்.

"மூத்தவனுக்கு உச்சியில எண்ணெ வச்சீங்களாம்மா?"

"வச்சேன் டாக்டரம்மா."

"எப்படி வச்சீங்கன்னு சாருக்குக் காட்டுங்க. பாப்பாவுக்கு வேண்டாம், சார் கையில காட்டுங்க. சார், நீங்க கண்ணை மூடிக்கோங்க."

ஞானசிகாமணி கையுறையைக் கழற்றிப் புறங்கையை நீட்டினார். கண்ணை மூடினார். முப்பிடாதி கூச்சத்தோடு விரலில் கொஞ்சம் ஜெல் எடுத்தாள்.

சற்று நேரம் போயிற்று.

"ஜில்லுன்னு இருக்கு. வைம்மா" என்றார்.

"வச்சு எடுத்துட்டேன் அய்யா."

அவர் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார்.

"விரல் பிள்ளைக்குத் தெரியப்பிடாது அய்யா" என்றாள் முப்பிடாதி. "எண்ணெதான் தெரியணும். உச்சி துடிக்கறது நம்ம விரலுக்குத் தெரிஞ்சா, அது போதும்."

அவர் கையைக் கழுவி, புதுக் கையுறை போட்டுக்கொண்டார். இந்தத் தடவை ஜெல்லைத் தாராளமாக வைத்தார். சுண்டுவிரலை மெத்தையில் ஊன்றிக்கொண்டு கருவியை மெல்ல இறக்கி, ஜெல் தொட்ட இடத்திலேயே நிறுத்தினார்.

ஒரு மேடு எழுந்தது. அது இறங்கியது, ஆனால் தரையைத் தொடவில்லை. மெல்லிசாக ஓடி அடுத்த மேட்டில் ஏறியது. அவர் பத்துத் துடிப்பு வரை எண்ணிப் பார்த்தார். பத்திலும் ஓட்டம் இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"போகுது தாயி. நிக்காமப் போகுது."

முப்பிடாதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழந்தையின் உள்ளங்கையில் தன் விரலைக் கொடுத்தாள். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டது.

கை கழுவும் இடத்தில் அவர் பெனிட்டாவைப் பிடித்தார்.

"அந்த முதல் படத்தை அழிச்சிரவா மேடம்? அது பொய்தானே?"

பெனிட்டா குழாயை மூடினாள்.

"பொய் இல்ல சார். நீங்க அழுத்தியிருந்த வரைக்கும் பாப்பாவுக்கு ரத்தம் நின்னு நின்னுதான் போச்சு."