சூடாகாத பெட்டி

நாச்சிமுத்துவுக்கு அறுபது வயது. மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பட்டறையில் அவருக்குக் குரு சுகந்தி, அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. பொறுமைதான் கிடையாது.

அவர் மனைவி மயிலாத்தாளுக்கு நுரையீரல் கோளாறு. ஆக்சிஜன் மெஷின் நின்றால் மூச்சு திணறும். அவர்கள் குடியிருக்கும் தோட்டத்தில் கரண்ட் போனால் ஐந்து மணி நேரம் வராது. அதற்காக, மில்லில் கிடைத்த பழைய சார்ஜருக்கு ஏற்றபடி எட்டு சின்ன பேட்டரிகளை வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். மொத்தம் தொண்ணூற்றாறு வோல்ட். மெஷினுக்கு வேண்டியதோ பன்னிரண்டு வோல்ட், பத்து ஆம்பியர்.

மிச்ச வோல்ட்டை என்ன செய்வது? மனுஷன் அத்தனையையும் டிரான்சிஸ்டரில் சூடாக எரித்தார். எட்டில் ஏழு பங்கு வீண். ஒரு மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும். ஒரே பேட்டரியிலிருந்து எடுத்துப் பார்த்து அதையும் கொன்றார். அப்புறம் அலுமினியத் தகடு வைத்தார், ஃபேன் வைத்தார், இன்னொரு ஃபேனும் வைத்தார்.

ஒரு காலையில் சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"இந்தச் சூட்டை எப்படிங்க அம்மணி வெளிய தள்றது?"

சுகந்தி அவரைத் திரும்பச் சைக்கிளில் ஏறச் சொன்னாள். தான் நடக்கிற வேகத்திலேயே கூட வரும்படியும், மிதிப்பதை மட்டும் நிறுத்தக் கூடாது என்றும் சொன்னாள். அவர் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு மிதித்தார். வேறு வழி? பட்டறையை நாலு சுற்று சுற்றியதும் சட்டை நனைந்துவிட்டது. சக்கரத்தின் ரிம்மைத் தொடச் சொன்னாள். தொட்டவர் வெடுக்கென்று விரலை இழுத்துக்கொண்டார்.

"இப்ப பிரேக்கிலிருந்து கையை எடுங்ணா. ஒரு மிதி. அப்புறம் சும்மா இருங்க. வேகம் குறைஞ்சா இன்னொரு மிதி."

அப்படியே ஓட்டினார். வேர்க்கவில்லை. ஆனால் மனம் ஆறவில்லை.

"விட்டு விட்டுக் குடுத்தா, நடுவுல மெஷினுக்குக் கரண்ட் எங்கிருந்துங்க வரும்?"

"மிதிக்காதப்ப சைக்கிள் எப்படிங்ணா ஓடுச்சு?"

சொல்லிவிட்டு ஒரு செம்புக் கம்பிச் சுருளை அவர் கையில் வைத்தாள். அவர் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனார். எட்டு நாளில் புதுப் பெட்டி தயாரானது. அதில் டிரான்சிஸ்டரின் வேலை கரண்டை ஒன்று முழுசாகத் திறப்பது, இல்லை முழுசாக மூடுவது, அதுவும் நொடிக்குப் பல்லாயிரம் தடவை. மூடியிருக்கும் இடைவெளியில், மிதிக்காத சைக்கிள் மாதிரி, சுருள் கரண்டை ஓட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் இரண்டு பெட்டிகள் புகைந்தன, அதைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கோபம் வரும்.

அடுத்த வாரம் ஆறு மணி நேரம் கரண்ட் போனது. மெஷின் நிற்கவில்லை. பேட்டரியில் கால் பங்கு மிச்சம்கூட இருந்தது. சந்தோஷமாக வருவார் என்று பார்த்தால், கண் சிவந்து வந்தார்.

"சூடே இல்லீங்க அம்மணி. அதுதான் பயமா இருக்கு. பெட்டி மேல கைய வெச்சுட்டே உக்காந்திருக்கேன். சோறு இறங்கல. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மூச்சு வருதான்னு அவளக் கேக்கறேன்."

"அக்கா என்ன சொல்றாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மூச்சு நல்லா வருதுங்கறா. நான்தான் அவளத் தூங்க விடறதில்லையாம்."

சுகந்தி அவருடைய சைக்கிளைப் பார்த்தாள்.

"கையை எடுங்ணா."