கசப்பி உட்கார்ந்த முடிச்சு

அந்தக் காலத்தில் செடிகொடிகள் மட்டுமல்ல, அவற்றின் உடம்புக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத பொடி அறைகளும் பேசிக்கொண்டிருந்தன. அப்போது மலைக்காட்டில் ஒரு மரமஞ்சள் கொடி இருந்தது. அதன் ஒவ்வோர் அறையிலும் இரண்டு இழை முறுக்கிய நூல் ஒன்று உண்டு. கொடி எப்படி வளரவேண்டும் என்பதெல்லாம் அந்த நூலில்தான் எழுதியிருந்தது. ஓர் அறை இரண்டாகும்போதெல்லாம் நூலின் நுனி கொஞ்சம் தேயும். நன்றாகத் தேய்ந்ததும், "போதும், வளர்ந்தாயிற்று" என்று அறை ஓய்ந்துவிடும்.

ஒரே ஓர் அறையில் மட்டும் நீட்டாயி என்றொருத்தி புகுந்துகொண்டாள். தேயத் தேய நுனிக்கு ஒட்டுப்போட்டு நீட்டினாள். அறை ஓயவே இல்லை. ஒன்று நூறாகப் பெருகித் தண்டில் கழலை புடைத்தது. தண்ணீர் மேலே ஏற வழியில்லாமல் இலைகள் வாடின.

நூலும் சும்மா இருக்கவில்லை. நுனி அவள் கைக்கு அகப்படாதபடி அதைச் சதுரம் சதுரமாக மடித்து அடுக்கி முடிச்சுப் போட்டது. நீட்டாயி ஒரு இழு இழுத்தால் அவிழ்ந்துவிடும்.

கொடியின் சாற்றில் கசப்பி என்று ஒரு பொடிசு இருந்தாள். மஞ்சள் நிறம், அப்பளம் போலத் தட்டை உடம்பு.

"உருண்டு திரண்டு இருந்தாலாவது ஒரு வேலை சொல்லலாம். உன்னை எதில் சேர்க்கிறது?" என்று அதே சாற்றில் ஓடும் சர்க்கரை கேலி பண்ணும்.

இலைகள் வாடியதைப் பார்த்து அவள் அந்த அறையின் நூலிடம் ஓடினாள்.

"அக்கா, இன்னொரு தடவை முடிச்சுப் போடுங்க. மேலே நான் உட்கார்ந்துக்கிறேன்."

"உட்கார்ந்தா அப்புறம் எழுந்திருக்க முடியாதுடி!"

"சாமி என்னை ஏன் தட்டையாப் படைச்சுதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது. நீங்க போடுங்கக்கா."

நூல் முடிச்சுப் போட்டது. மடித்த புடவை அடுக்கின்மேல் பலகை வைத்தாற்போல, கசப்பி வாகாகப் படிந்து உட்கார்ந்தாள்.

நீட்டாயி வந்து இழுத்தாள். முடிச்சு அசையவில்லை.

"யாருடி அது மேலே?"

"நான்தான், தட்டைச்சி. இழுத்துப் பாரேன்!"

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். நகம்தான் பெயர்ந்தது. ஒட்டுப்போட நுனி அகப்படாமல் நூல் தேய்ந்தது, அறையும் ஓய்ந்தது. அதைப் பார்த்துக் கசப்பியின் தங்கைகள் கழலையின் மற்ற அறைகளுக்கும் ஓடி, முடிச்சுக்கு ஒருத்தியாக உட்கார்ந்தார்கள். கழலை வற்றியது. தண்ணீர் மேலே ஏறியது.

எழுந்து வரமுடியாத அந்தப் பெண்களை நினைத்துக் கொடிக்கு நெஞ்சு விம்மியது. "என் மக்களின் நிறமும் ருசியுமே இனி என் நிறமும் ருசியும்" என்றது.

அன்று முதல்தான், மரமஞ்சளை எந்த இடத்தில் வெட்டினாலும் உள்ளே பொன்னாக மின்னுகிறது, நாக்கில் வைத்தால் கசக்கிறது. மனிதரின் கழலைக்காகக் கசப்பியின் வழியில் செய்துபார்க்கும் தட்டை மருந்துகளும், அறைக்குள் நூல் நுனியில் முடிச்சைக் கண்டால் மேலே ஏறி உட்கார்ந்து அவிழவிடாமல் பிடித்துக்கொள்கின்றன.