ஈட்டியை வீடு சேர்க்கும் வழக்கம்

ஹவில்தார் மாசிலாமணியும் அவருடைய ஆறு ஜவான்களும் மலைப் பயிற்சிக்குப் போன இடத்தில் பனிமூட்டத்துக்குள் நுழைந்தார்கள். வெளியே வந்தபோது ஆயிரம் வருஷம் பின்னால் நின்றார்கள். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்களுக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்?

எதிரே ஒரு மண்கோட்டை. வாசலில் காவல்காரன் ஒருவன் நின்றான். மாசிலாமணி பழக்க தோஷத்தில், “தம்! கோன் ஆதா ஹை?” என்று அவனை இந்தியில் அதட்டினார். காவல் நின்றவன் அவன், வந்து சேர்ந்தவர் இவர். நில், யார் வருவது என்று கேட்க வேண்டியவன் அவனல்லவா? அர்த்தம் தெரிந்ததும் கோட்டை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களே சோறும் போட்டு, படுக்க இடமும் கொடுத்தார்கள்.

கோட்டைத் தலைவன் அவர்களை ஆசான் எயினனிடம் ஒப்படைத்தான். வாள் சொல்லிக்கொடுக்கிறவர். மாசிலாமணிக்கு நாற்பத்தாறு வயது. ஆசானுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது.

“என்னைவிடச் சின்னப் பையன்டா இவர்” என்று மாசிலாமணி ஜவான்களிடம் முணுமுணுத்தது ஆசான் காதில் விழுந்துவிட்டது.

“ஆயிரம் வருஷம் மூத்தவன் நான். கும்பிட்டுக்கொள்” என்றார் ஆசான்.

தன் படையில் பயல்களுக்குச் சொல்லிக்கொடுத்து ‘உஸ்தாத்’ என்று பேர் வாங்கிய மனுஷன், இங்கே சீடனாகி, வாளைக் கரண்டி மாதிரிப் பிடிக்கிறாய் என்று தினமும் திட்டு வாங்கினார். திட்டி முடித்ததும், சாப்பிடும்போது ஆசான் தன் மீனில் பெரிய துண்டாக எடுத்து அவர் பக்கம் தள்ளிவிடுவார். கூடப்பிறந்த தம்பி ஒருத்தன் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பான் என்று மாசிலாமணிக்குத் தோன்றும்.

மழை ஓய்ந்து ஆறு வடிந்ததும் சண்டை வந்தது. மேய்ச்சல் கரை எங்களுடையது என்று அக்கரை ஊர்க்காரர்கள் படை திரட்டினார்கள். மறுநாள் காலையில் ஆற்றுமணலில் மோதுவது, தோற்றவர்கள் கரையை விட்டுக்கொடுப்பது, ஊருக்குள் யாரும் கைவைப்பதில்லை என்று பேச்சு. அக்கரைக்காரர்கள் இரண்டு மடங்கு.

தலைவனுக்குத் துப்பாக்கிகள்மேல் கண். சும்மா இருக்க மாட்டாமல் மாசிலாமணிதான் ஒருநாள் காட்டுப்பன்றியைச் சுட்டுக் காட்டியிருந்தார். “நாளைக்கு அதை வைத்து முடித்துவிடு” என்று தலைவன் சொல்லிவிட்டான்.

மாசிலாமணி நேரே ஆசானிடம் போனார். ஆசான் ஒரு பழைய ஈட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆசானே, நாளைக்கு நீங்க எங்க நிப்பீங்க?”

“முதல் வரிசையில்.”

“அவங்க ரெண்டு மடங்கு.”

“பார்த்தேன்.”

“அப்ப நான் சுட்டுடறேன். நீங்க சாகறதைப் பார்த்துக்கிட்டு நிக்க என்னால ஆகாது. சுடலாமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஆசான் ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்தார். “இதை ஒரு வீட்டில் கொடுக்க வேண்டும். துப்பாக்கியை வைத்துவிட்டு வா. வந்து பேசலாம்.”

ஆற்றைக் கடந்தார்கள். அக்கரையில் மறுநாள் மோதப்போகிற படை உட்கார்ந்து சோறு ஆக்கிக்கொண்டிருந்தது. மாசிலாமணி ஆசானின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஆனால் ஈட்டியைக் கண்டதும் அவர்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

“என்ன ஆசானே, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரிப் போறீங்க!” என்றார் மாசிலாமணி.

“கொன்றவன்தான் செத்தவனுடைய ஆயுதத்தை அவன் வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டுத் திரும்பும்வரை அவனை யாரும் தொடமாட்டார்கள். இரண்டு கரைக்கும் இதுதான் வழக்கம். இந்த ஈட்டிக்காரன் நம் மாடுகளைக் கவர்ந்து போக வந்தவன். ஆற்றில் வெள்ளம், அதனால்தான் இத்தனை நாள் வர முடியவில்லை.”

செத்தவன் வீட்டு வாசலில் அவன் தகப்பனாரான பெரியவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். ஈட்டியை வாங்கித் தடவிப் பார்த்தார்.

“நீதானா?”

“நான்தான்.”

“எங்கே பட்டது?”

“மார்பில்.”

“ஏதாவது சொன்னானா?”

“தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். வெள்ளைப் பசு சினையாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளச் சொல் என்றான்.”

உள்ளே நின்ற மருமகள், “கன்று போட்டுவிட்டதே” என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். ஆசானும் அழுதார். முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. அழுது ஓய்ந்தபின் அந்தப் பெண்ணே இரண்டு பேருக்கும் கூழ் ஊற்றினாள். குடிக்காமல் எழுந்திருக்கக் கூடாதாம். மாசிலாமணியும் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தார்.

திரும்பும் வழியில் மணலுக்கு வந்ததும் மாசிலாமணி கேட்டார்.

“இந்த மாதிரி எத்தனை வீடு, ஆசானே?”

“இது மூன்றாவது. ஒரு வீட்டில் அறுவடைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு வீட்டில் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இருந்தாலும் போகிறேன்.”

“நானும் ஒரு வீட்டுக்குப் போயிருக்கேன். எங்க படைப் பையன் ஒருத்தனைப் பெட்டியில வச்சுக் கொண்டுபோய் இறக்கினேன். எம்புள்ளையைக் கொன்னது யாருன்னு அவங்க அம்மா கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்? சுட்டவனுக்கே தெரிஞ்சிருக்காது.”

“கூழ் கொடுத்தாளா?”

“காப்பி கொண்டுவந்தாங்க. வண்டி காத்துக்கிட்டிருந்துச்சு. குடிக்காம வந்துட்டேன்.”

ஆசான் அவர் முதுகில் கைவைத்தார். “சுடாதே என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் சாக ஆசையில்லையப்பா. சுடு. ஆனால் அடுத்த நாள் காலையில் ஈட்டிகளையெல்லாம் சுமக்க வேண்டும். நீ ஒருவனே எப்படிச் சுமப்பாய்? நானும் கூட வருகிறேன். எந்த வீட்டிலிருந்து தொடங்கலாம், சொல்.”

மாசிலாமணி திரும்பி, அக்கரையில் எரிந்த அடுப்புகளை எண்ணத் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார்.

விடிந்தபோது ஏழு துப்பாக்கிகளும் தோட்டா கழற்றப்பட்டு நெல்குதிருக்குள் கிடந்தன. தலைவன் தாம்தூம் என்று குதித்தான். ஜவான்களில் மூத்தவனான இருதயராஜ், “உஸ்தாத், நமக்கு என்ன ஆர்டர்?” என்று கேட்டான்.

“ஆர்டர் ஒண்ணும் இல்லைடா. இஷ்டப்பட்டவன் வரலாம்” என்றார் மாசிலாமணி. ஆறு பேரும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

முதல் வரிசையில் நின்ற ஆசான் திரும்பிப் பார்த்தார்.

“நீ எதற்கு இங்கே வந்தாய்? கரண்டி பிடிக்கவா?” திட்டிக்கொண்டே, அவர் வாள் பிடித்திருந்த விரல்களைச் சரிசெய்தார்.

“உங்க இடது பக்கம் காலியா இருந்துச்சு ஆசானே.”

எதிர் வரிசையில் அந்தப் பெரியவர் நின்றார். கையில் நேற்று வாங்கிய ஈட்டி இருந்தது. மாசிலாமணி அதைப் பார்த்தார். வாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“ஆசானே, ஒரு சந்தேகம்.”

“இப்போதா? கேள்.”

“நான் விழுந்தா என் வாளை யார் கொண்டுபோவாங்க? என் வீடு ஆயிரம் வருஷத்துக்கு அந்தப் பக்கம் இருக்கே.”

முரசு அதிர்ந்தது. இரண்டு கரையும் மணலில் இறங்கின. ஆசான் தன் சீடனை ஒட்டி, தோளோடு தோள் இடிக்க நின்றுகொண்டார்.

“தூரம்தான். உன்னைக் கொன்றவன் அதைத் தன் மகனிடம் கொடுப்பான். அவன் தன் மகனிடம் கொடுப்பான். எப்படியும் நடந்து வந்து சேர்ந்துவிடுவார்கள். வாசலில் வந்து யாரைக் கேட்க வேண்டும்? உன் வீட்டுக்காரி பேர் என்ன? உரக்கச் சொல், எதிரே நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும்.”