சொல்லாமல் குத்தும் முள்

மழை வழி மறந்துபோன ஒரு கரட்டு ஊருல ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. வீட்டைச் சுத்தி உடைஞ்ச பானையிலும் ஓட்டைச் சட்டியிலும் கள்ளியாய் வளர்த்தாளாம். ஊரெல்லாம் மல்லி கருகினப்போ அவள் வீட்டு முள்ளுக்குள்ளே மஞ்சளாய்ப் பூ விரியும். அதைப் பார்க்க அவளுக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

அந்த நாட்டு ராணிக்கு மசக்கை. சோறு குடுத்தா வாந்தி, பால் குடுத்தா வாந்தி, தேன் குடுத்தாலும் வாந்தி. ஒச்சம்மா கேள்விப்பட்டு, சப்பாத்திக்கள்ளிப் பழம் பத்து பறிச்சு, தோலை உரிச்சு, இலையில் வச்சு அரண்மனைக்குக் கொண்டுபோனாளாம். வாசல்ல ராணியோட தம்பி கொண்டல்ராசு நின்னான். கண்ணுல பட்டதெல்லாம் தன்னோடதுங்கிற ஆளு. இலையைப் பிடுங்கிக்கிட்டு அவளை விரட்டிட்டான்.

ராணி தின்னா. வயித்துல தங்குச்சு. ராஜாவுக்கு அப்பத்தான் உயிர் வந்தது.

"யார் தோட்டத்துப் பழம் மாப்பிள்ளை?"

"என் தோட்டந்தான் அத்தான். நானே பறிச்சேன்."

"அப்படின்னா நாளைக்கும் உன் கையாலேயே கொண்டா."

விடிஞ்சதும் விடியாததுமா அவன் ஊர்ல விசாரிச்சுக்கிட்டு ஒச்சம்மா வீட்டுக்கு வந்து நின்னான். "ஏய், இந்த வீடும் தோட்டமும் இனிமே என்னுது. பொழுது சாயுறதுக்குள்ளே கிளம்பிரு."

அவ எங்கே போவா, சொல்லு? ஆனாலும் அவன் செடிகிட்டே கையை நீட்டினதும் அவளால வாயைக் கட்ட முடியலை.

"சாமி, நாலு பட்டையா நிக்குதே, அது சதுரக்கள்ளி. கீறினா பால் வடியும். பால் வடிஞ்சா விலகிக்கங்க, கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து."

"சரி, சரி."

"உள்ளங்கையாட்டம் மடல் மடலா இருக்கே, இதுதான் சப்பாத்திக்கள்ளி. பால் வராது. ஆனா பெரிய முள்ளு சொல்லிட்டுக் குத்தும், சின்ன முள்ளு சொல்லாமக் குத்தும். இடுக்கியால திருகுங்க."

"பழம் பறிக்கப் பள்ளிக்கூடமா நடத்துறே?"

"பறிச்சதை மணல்ல உருட்டி, தீயில வாட்டி, தோலை உரிச்சு, நடுவுல இருக்கிற நட்சத்திர முள்ளை எடுத்துட்டு..."

"வாயை மூடு!"

பட்டுத்துணியைக் கையில சுத்திக்கிட்டுப் பறிச்சான், மடியில கட்டினான், நடந்தான். ஒச்சம்மா வீட்டைப் பூட்டக்கூட இல்லை. முள்வாங்கியையும் ஒரு கிண்ணம் வேலம்பிசினையும் மட்டும் எடுத்துக்கிட்டு அவன் பின்னாலேயே போனா. விரட்டினவன் பின்னால எதுக்குன்னு கேக்குறியா? அவனுக்கு அது வேண்டியிருக்கும்னு அவளுக்குத் தெரியும்.

சபையில வந்து உட்கார்ந்தவன் ஒருதரம் நெளிஞ்சான், ரெண்டாந்தரம் நெளிஞ்சான், மூணாந்தரம் துள்ளி எழுந்தான். சொறிஞ்ச கையெல்லாம் எரிச்சல், கை பட்ட இடமெல்லாம் எரிச்சல்.

"என்ன மாப்பிள்ளை?"

"சு... சுணை அத்தான், சுணை!"

பழத்து மேல இருக்கிற பொடி முள்ளுக்கும் சுணைன்னுதான் பேரு, மான ரோஷத்துக்கும் சுணைன்னுதான் பேரு, கேட்டியா? கிழட்டு மந்திரி காதுல கையை வச்சுக்கிட்டு, "யாருக்கு? உமக்கா? எப்ப வந்தது?"ன்னாரு. சபையே சிரிச்சுது.

ஒச்சம்மா மட்டும் சிரிக்கலை. "தேய்க்காதீங்க சாமி, தேய்ச்சா உள்ளே ஏறும்!"னு ஓடிவந்தா. பிசினைத் தடவிக் காயவிட்டு உரிச்சா, மறுபடி தடவி உரிச்சா, மூணாந்தரமும் உரிச்சா. மிஞ்சினதை முள்வாங்கியால ஒண்ணொண்ணா எடுத்தா. கோலப்பொடி விடுற கை மாதிரி அவ்வளவு மெதுவா. ராஜா அந்தக் கையையே பார்த்துக்கிட்டிருந்தாரு. விரலெல்லாம் கறுப்புக் கறுப்பாப் பழைய புள்ளி.

"நீயே பறிச்சேன்னியே மாப்பிள்ளை, இந்தத் தழும்புல ஒண்ணாவது உன் கையில இருக்கா?"

கொண்டல்ராசு தலையைத் தொங்கப் போட்டான். "அவ தோட்டம் அத்தான். நேத்து வந்ததும் அவ பழந்தான். பிடுங்கிக்கிட்டு விரட்டினேன், இன்னைக்கு வீட்டை விட்டும் விரட்டினேன்."

ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கி, "தாயே, விரட்டினவன் முள்ளையும் எடுத்தியே"ன்னு கும்பிட்டாரு. வீடும் தோட்டமும் அவளுக்கே, கூடக் கரட்டடி நிலமும் அவளுக்கே. பிள்ளை பிறக்கிற வரைக்கும் தினமும் அவள்கிட்ட கேட்டுக் கேட்டுப் பழம் பறிக்க வேண்டியது மச்சினன் வேலை.

பறிச்சான். பத்து மாசமும் முடிஞ்சு ராணி தங்கமா ஒரு பிள்ளையைப் பெத்தா. ஆனா கொண்டல்ராசு மட்டும் அதுக்கப்புறம் அடுத்தவங்க பொருள் பக்கம் கையை நீட்டுமுன்னே, அது தண்ணிச் செம்பா இருந்தாலும், "தொடலாமா?"ன்னு கேப்பானாம்.

கள்ளி பூத்துச்சு, கதை காய்ச்சுது. கேட்டுத் தொட்டவன் கைக்குக் காயமில்லை.