பெற்றான்

வருஷத்தின் கடைசி நாள். சாயங்கால ஆராதனைக்கு முன்னால் உபதேசியார் மாசிலாமணி, வாக்குத்தத்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தியநேசன் ஐயர் வீட்டுக்கு வந்தார்.

பெட்டி நிறைய அட்டைகள். அட்டைக்கு ஒரு வசனம். புது வருஷத்துக்கு அவரவர் கையை விட்டு எடுப்பது, அவரவருக்குக் கடவுள் கொடுத்த வாக்கு. அந்தச் சபையின் வழக்கம் அது. பெட்டியை நீட்டுவது உபதேசியார் வேலை.

சபையின் குருவாக இருந்த ஐயர் ஓய்வு பெற்றுப் பல வருஷம். மாசிலாமணிக்கு வேதம் படிப்பித்தவர். வயதில் பெரிய வித்தியாசமில்லை. பேச்சில் உண்டு.

பெட்டியை ஐயர் காலடியில் டக்கென்று வைத்தார் மாசிலாமணி.

"இந்த வருஷம் நான் நீட்ட மாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

"ஏம்வே? கை வலிக்கோ?"

"போன வருஷம் எனக்கு என்ன வந்ததுன்னு ஞாபகம் இருக்கா?"

"சொல்லும்."

"சந்ததி பெருகும்னு வந்தது. கண்ணாடி போட்டு மாட்டினோம். மாசி மாசம் செல்வினை லாரி அடிச்சுது. ஒத்தப் பிள்ளை. கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்துட்டு வந்தவன். எம் பெஞ்சாதி அந்த வசனப் படத்தைச் சுவர்ப் பக்கமாத் திருப்பி வச்சிருக்கா."

ஐயர் ஆறுதல் சொல்லவில்லை. அவர் அந்த ரகமில்லை.

"வேதத்தை எடும். ஆண்டவருடைய வம்ச வரலாற்றை வாசியும்."

"அது தெரிஞ்சதுதானே. தலைமுறை தலைமுறையா வாக்கு மாறாதவர்னு நானே பிரசங்கம் பண்ணியிருக்கேன்."

"பண்ணின வாய்தானே? வாசியும்."

வாசித்தார். ஆபிரகாமில் தொடங்கியது. இவன் அவனைப் பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான். பெற்றான், பெற்றான், பெற்றான். நடுவழியில் நிறுத்தினார்.

"எல்லாவனும் பெத்திருக்கான். எம் பேருக்கு அடுத்தாப்பில எழுத ஆளில்லை. போதுமா?"

"தாவீது யாரைப் பெற்றான்?"

"சாலொமோனை."

"அதுக்கு முந்தி ஒரு பிள்ளை பிறந்து செத்துச்சே. அது எங்கே?"

மாசிலாமணி விரல் வைத்துத் தேடினார். தேட வேண்டியதே இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"இல்லை."

"அதுக்காக அப்பன்காரன் தரையில கிடந்தானே?"

"அதுவும் இல்லை."

"சந்ததி பெருகும்னு ஆபிரகாமுக்குத்தானே வாக்கு? அவன் கடைசிப் பேரைப் பார்த்தானா?"

"எப்படிப் பார்ப்பான்? மண்ணாப் போயிருப்பான்."

"தாவீது?"

"அவனும்தான்." மாசிலாமணி புத்தகத்தைப் பட்டென்று மூடினார். "இவ்வளவு பேரும் செத்த பிறகு நிறைவேத்தின வாக்கு. பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு இதுல என்ன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

"பெற்றான்னா என்னவே?"

"பிள்ளை பெத்தான்."

"கூலி பெற்றான்னா?"

"வாங்கினான்."

"ம். அதைத்தான் எழுதியிருக்கு. வாங்கினான். வச்சிருந்தான்னு ஒருத்தனுக்காவது எழுதியிருக்கா?"

மூடிய புத்தகத்தின் மேல் மாசிலாமணியின் கை அப்படியே இருந்தது.

கோயில் மணி அடித்தது. தெருவில் ஜனங்கள் போகிற சத்தம். புதுச் சேலைகளின் மொடமொடப்பு. யாரோ ஒரு பிள்ளைத்தாச்சியை, "மெள்ள வாட்டி, பெட்டி எங்கேயும் ஓடிராது" என்று கேலி செய்துகொண்டு போனார்கள்.

"கேப்பாங்களே ஐயரே. உமக்கு வந்த வாக்கு என்னாச்சுன்னு கேப்பாங்களே. நான் என்ன சொல்ல?"

"செல்வின் செத்தான்னு சொல்லும்."

"சபையிலேயா?"

"சபையிலதான். சொல்லிட்டுப் பெட்டியை நீட்டும். அதுக்குப் பிறகும் கையை விடுதவன் விடட்டும்."